சார்லஸ் மாக்கின்டாஷ்

சார்லஸ் மாக்கின்டாஷ் (டிசம்பர் 29, 1766 – ஜூலை 25, 1843) ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த வேதியியலாளரும் தொழில் முனைவரும் ஆவார். இரண்டு துணிகளுக்கு இடையே இரப்பர்க் கரைசலைப் பூசி ஒட்டி, நீர் புகாத துணியை உருவாக்கும் முறைக்கு 1823 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர். ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கு இவருடைய பெயரே பொதுப்பெயராக வழங்கலாயிற்று. இன்று விசையுந்து ஓட்டுவோர் அணியும் மழையுடைகள் வேறு பொருள்களால் ஆனவை எனினும், அவற்றின் அடிப்படை அமைப்பும் அவற்றில் தொடர்ந்து காணப்படும் குறைகள் சிலவும் இவருடைய துணியிலிருந்தே தொடங்குகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் கணினிக்கும் இவருக்கும் தொடர்பு இல்லை. அக்கணினியின் பெயர் ஓர் ஆப்பிள் பழ வகையிலிருந்து வந்ததாகும்.

பிறப்பும் குடும்பமும்

மாக்கின்டாஷ் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் மாக்கின்டாஷ் வணிகர். பாறைகளில் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து ஊதாச் சிவப்புச் சாயம் எடுக்கும் ஆலையொன்றை 1777 இல் கிளாஸ்கோவின் டன்சாட்டன் பகுதியில் நிறுவினார். தாய் மேரி மூர், மருத்துவரும் எழுத்தாளருமான ஜான் மூரின் உடன்பிறந்தவர். 1809 இல் ஸ்பெயினில் போர்க்களத்தில் இறந்த படைத்தலைவர் சர் ஜான் மூர் அந்த மருத்துவரின் மகனாதலால், சார்லசுக்கு மாமன் மகன் முறையாவார்.

பாசியிலிருந்து சாயம் எடுக்க அம்மோனியா இன்றியமையாதது. அக்காலத்தில் அம்மோனியா பெற எளிய வழி, நகரெங்கும் வீடு வீடாகச் சிறுநீரைச் சேகரித்துப் புளிக்க வைப்பதே. இத்தகவல் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் மழைக்கோட்டின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதைப் பின்னர்க் காணலாம்.

1785 ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் மாக்கின்டாஷ், டேவிட் டேல் என்பவருடன் சேர்ந்து, பருத்தி நூலுக்குத் துருக்கிச் சிவப்பு எனப்படும் கெட்டிச் சாயம் ஏற்றும் தொழிலையும் ஸ்காட்லாந்தில் தொடங்கினார். இதற்காகப் பிரான்சிலிருந்து பப்பியோன் என்ற சாயத் தொழில் வல்லுநர் வரவழைக்கப்பட்டார். தமிழகத்தில் சாயவேரைக் கொண்டு சிவப்பேற்றும் தொழில் அதற்கு மிகவும் முற்பட்டது. மதுரைச் சௌராஷ்டிரர் அத்தொழிலில் பெயர் பெற்றிருந்தனர். இரு இடங்களிலும் எண்ணெயும் படிகாரமும் இன்றி அச்சிவப்பு நூலில் நிலைப்பதில்லை.

கல்வியும் தொடக்ககாலத் தொழில்களும்

மாக்கின்டாஷ் கிளாஸ்கோவிலும் பின்னர் யார்க்ஷயரிலும் பள்ளிக் கல்வி பயின்றார். அதன்பின் ஒரு வணிக நிலையத்தில் கணக்கராக அமர்த்தப்பட்டார். கணக்குப் பேரேடுகளில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. ஓய்வு நேரங்களில் கிளாஸ்கோவில் வில்லியம் இர்வினின் வேதியியல் விரிவுரைகளையும், பின்னர் எடின்பரோவில் ஜோசப் பிளாக்கின் விரிவுரைகளையும் கேட்டார். மறைவெப்பத்தைக் கண்டறிந்தவர் என்று பாடநூல்களில் இடம்பெறும் பிளாக் இவரே. இருபது வயதை எட்டும் முன்னரே எழுத்தர் பணியைக் கைவிட்டு, நவச்சாரம் உற்பத்தி செய்யும் தொழிலில் இறங்கினார். 1790 இல் கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் மகளான மேரி ஃபிஷரை மணந்தார்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் தொட்ட தொழில்கள் பல. காரீய அசிட்டேட்டு தயாரிக்கும் முறையை ஆலந்து நாட்டிலிருந்து கொண்டுவந்தார். 1797 இல் ஹர்லெட் என்னுமிடத்தில் பங்காளிகளுடன் சேர்ந்து ஸ்காட்லாந்தின் முதல் படிகார ஆலையைத் தொடங்கினார். பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் கழிவாக விடப்பட்டிருந்த களிப்பாறையே அதற்கு மூலப்பொருள். கழிவிலிருந்து பயன்பொருள் எடுக்கும் இவ்வழக்கம் அவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது.

1799 இல் சார்லஸ் டென்னன்ட் பெயரில் காப்புரிமை பெற்ற சலவைத் தூளின் கண்டுபிடிப்பில் மாக்கின்டாஷுக்குப் பெரும்பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. அதுவரை நெய்த துணியை வெளுக்கப் புல்வெளியில் விரித்து வாரக்கணக்கில் வெயிலில் காயவைக்க வேண்டியிருந்தது. இத்தூள் அந்தக் காத்திருப்பைச் சில நாட்களாகச் சுருக்கியது. பருத்தி ஆலைகளின் விரைந்த வளர்ச்சிக்கு இது எந்த நெசவு இயந்திரத்துக்கும் குறையாத காரணம் எனலாம். டென்னன்ட்டின் ஆலையில் அவர் 1814 வரை பங்காளியாக இருந்தார்.

நீர் புகாத துணி

நிலக்கரியிலிருந்து எடுக்கும் வாயுவைக் கொண்டு தெருவிளக்கு எரிக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. கிளாஸ்கோ வாயு ஆலையில் வாயுவுடன் அம்மோனியா கலந்த நீரும் தாரும் கழிவாகச் சேர்ந்தன. தம் சாய ஆலைக்கு அம்மோனியா தேவைப்பட்டதால், 1819 இல் அக்கழிவை விலைக்கு வாங்கிக்கொள்ள மாக்கின்டாஷ் ஒப்பந்தம் செய்தார். சிறுநீர் சேகரிக்கும் தொல்லை இதனால் குறைந்தது. அம்மோனியாவைப் பிரித்த பின் தார் எஞ்சியது. தாரை வடித்தபோது நாப்தா என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மம் கிடைத்தது. இதனை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகவே நீர் புகாத துணி உருவாயிற்று.

இரப்பர் ஐரோப்பாவுக்குப் புதியதன்று. தென் அமெரிக்கப் பழங்குடியினர் மரப்பாலைத் துணியிலும் காலணியிலும் பூசி நீர் புகாமல் செய்வதை ஐரோப்பியர் நேரில் கண்டிருந்தனர். ஆனால் கப்பலில் வந்து சேர்ந்தது பால் அன்று. உறைந்து கெட்டியான இரப்பர். அதை மீண்டும் நீர்மமாக்கும் மலிவான கரைப்பான் இல்லை. டர்ப்பன்டைனில் கரைத்துத் துணியில் பூசும் முறைக்கு சாமுவேல் பீல் 1791 இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அத்துணி காய்ந்த பின்னும் பிசுபிசுப்பு மாறாததால் வழக்கத்துக்கு வரவில்லை.

நிலக்கரித் தாரின் நாப்தாவில் இரப்பர் நன்கு கரையும் என்பதை முதலில் வெளியிட்டவர் ஜேம்ஸ் சைம். எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்தபோது 1818 இல் இதனைக் கண்டறிந்து இதழொன்றில் எழுதினார். அவர் காப்புரிமை எதுவும் கோரவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற அறுவை மருத்துவரானார். கிருமிநீக்க அறுவை முறையை நிறுவிய ஜோசப் லிஸ்டர் அவருடைய மருமகன். மழைக்கோட்டின் புகழ் சைமுக்குரியது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் ஓரளவே சரி. கரைப்பானைக் கண்டவர் சைம். பிசுபிசுப்புச் சிக்கலைத் தீர்த்தவர் மாக்கின்டாஷ்.

அத்தீர்வு மிக எளியது. கரைசலை ஒரு துணியின் மேல் பூசி, அதன்மேல் மற்றொரு துணியை வைத்து அழுத்தினார். ஒட்டும் பரப்பு இரண்டும் உள்ளே மறைந்தன. வெளியே தெரிவது வெறும் துணி; நீரைத் தடுப்பது நடுவில் உள்ள இரப்பர். இம்முறைக்கு ஜூன் 17, 1823 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மான்செஸ்டர் ஆலை

1824 இல் மான்செஸ்டரின் பருத்தி ஆலை முதலாளிகளான பிர்லி சகோதரர்கள் பங்காளிகளாயினர். அவர்களது ஆலையை ஒட்டியே இரப்பர்த் துணி ஆலை எழுந்தது. பிர்லிகளுள் ஒருவரான ஹியூ ஹார்ன்பி பிர்லி, 1819 இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படையை நடத்திச் சென்றவர். பீட்டர்லூ படுகொலை எனப்படும் அந்நிகழ்வு இங்கிலாந்துத் தொழிலாளர் நினைவில் இன்றும் அழியாதது.

துணியின் முதல் வாடிக்கையாளர்களுள் ஆய்வுப் பயணிகளும் இருந்தனர். ஜான் பிராங்க்ளின் 1825 இல் மேற்கொண்ட வடமுனைப் பகுதிப் பயணத்தில் நீர் புகாத பைகளும், இத்துணி போர்த்திய சிறிய மடக்குப் படகொன்றும் எடுத்துச் செல்லப்பட்டன.

உடையாக வந்தபோதுதான் சிக்கல்கள் தொடங்கின. ஆலை துணியை மட்டுமே விற்றது; கோட்டுத் தைத்தவர்கள் ஊர்த் தையற்காரர்கள். அவர்கள் வழக்கம்போல் ஊசியால் தைத்தனர். ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் ஒரு துளை. துணியில் புகாத நீர் தையலில் புகுந்தது. அணிந்தவர் நனைந்தார், பழி துணியின் மேல் விழுந்தது. இறுதியில் நிறுவனமே உடை தைக்கும் பணியையும் ஏற்று, தையல்களின் மேல் இரப்பர் பூசி அடைக்கத் தொடங்கியது.

மற்றக் குறைகளை அவ்வாறு அடைக்க இயலவில்லை. குளிரில் கோட்டுப் பலகைபோல் விறைத்தது. கோடையில் இளகி ஒட்டியது. கம்பளித் துணியில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசை இரப்பரை அரித்தது. நாப்தாவின் நாற்றம் தெருவின் மறுபுறத்தில் நிற்பவருக்கும் தெரிந்தது. உடலின் வியர்வை வெளியேற வழியில்லாததால் உடல்நலத்துக்குத் தீங்கு என்று மருத்துவர் சிலர் எதிர்த்தனர். 1830 க்குப் பின் இருப்புப்பாதைகள் பெருகியதும் ஒரு காரணம். அதுவரை குதிரை வண்டிகளின் கூரைமேல் திறந்த வெளியில் அமர்ந்து பயணம் செய்தவர்களே மழைக்கோட்டின் முதன்மை வாடிக்கையாளர். அவர்கள் தொடர்வண்டிப் பெட்டிக்குள் சென்று அமர்ந்தபின் விற்பனை தளர்ந்தது. வண்டிக்கூரைப் பயணிக்கு நேரான இக்கால உருவம் விசையுந்து ஓட்டுநரே எனலாம்.

ஹான்காக்கும் கந்தகமேற்றலும்

லண்டனைச் சேர்ந்த தாமஸ் ஹான்காக் இரப்பர்த் தொழிலில் மாக்கின்டாஷை விடவும் கைதேர்ந்தவர். பல்லுருளை கொண்டு இரப்பரைக் கிழித்துப் பிசையும் பொறியொன்றை அவர் 1820 இல் அமைத்திருந்தார். பிசைந்த இரப்பர் குறைந்த நாப்தாவிலேயே கரைந்தது. அதனால் செலவும் நாற்றமும் குறைந்தன. 1825 இல் மாக்கின்டாஷின் காப்புரிமையைப் பயன்படுத்த உரிமம் பெற்ற ஹான்காக், பின்னர் மான்செஸ்டர் நிறுவனத்தின் பங்காளியானார். போட்டியாளர்கள் காப்புரிமையை மீறியதால் எழுந்த வழக்கில் 1836 இல் நிறுவனம் வென்றது.

இளகுதல், விறைத்தல் ஆகிய அடிப்படைக் குறைக்குத் தீர்வு வேறு கண்டத்தில் பிறந்தது. இரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் வெப்பத்திலும் குளிரிலும் அதன் தன்மை மாறாது என்பதை 1839 இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அவருடைய மாதிரித் துண்டுகள் இங்கிலாந்துக்கு வந்தபோது, அவற்றின் மேற்பரப்பில் கந்தகத்தின் தடத்தைக் கவனித்த ஹான்காக் தாமே முயன்று அம்முறையை எட்டினார். நவம்பர் 1843 இல் இங்கிலாந்தில் விண்ணப்பித்தார். குட்இயரின் அமெரிக்கக் காப்புரிமை 1844 இல்தான் கிடைத்தது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் பின்னர் ஹான்காக்கின் உரிமையையே உறுதி செய்தன. குட்இயர் கடனாளியாகவே இறந்தார்.

மாக்கின்டாஷ் இதனைக் காணவில்லை. ஹான்காக்கின் விண்ணப்பத்துக்கு நான்கு மாதங்கள் முன்பு, ஜூலை 25, 1843 இல் டன்சாட்டனில் தம் 76 ஆம் வயதில் காலமானார். கிளாஸ்கோ பேராலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற பணிகள்

1825 இல் நிலக்கரி வாயுவைக் கொண்டு இரும்பை எஃகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கருத்தளவில் அது சரியானதே. உயர்வெப்பத்தில் வாயு கசியாத உலையை அமைக்க இயலாததால் கைவிடப்பட்டது. 1828 இல் ஜேம்ஸ் போமான்ட் நீல்சன், ஊதுலைக்குள் சூடாக்கிய காற்றைச் செலுத்தும் முறையைக் கண்டுபிடித்தபோது அவருக்குத் துணைநின்று, அக்காப்புரிமையில் பங்கும் பெற்றார். இம்முறை இரும்பு உருக்கத் தேவையான நிலக்கரியின் அளவை வெகுவாகக் குறைத்தது. உரிமத்தொகை தர மறுத்த ஆலை முதலாளிகளுடன் நடந்த நெடிய வழக்கு அவர் இறந்த 1843 இல்தான் சாதகமாக முடிந்தது. அவருடைய மகன் ஜார்ஜ் 1847 இல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். மான்செஸ்டர் நிறுவனம் 1925 இல் டன்லப் நிறுவனத்துடன் இணைந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் நீர் புகாத துணித் தொழிலைப் பரவலாக்கியது 1920 இல் சுரேந்திர மோகன் போஸ் கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனமாகும். அதன் டக்பேக் மழைக்கோட்டுகள் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகமானவை. தமிழகச் சிற்றூர்களில் மழைக்கோட்டு வருமுன் ஓலைக்குடையும், ஆடு மேய்ப்போரின் கம்பளியும், கோணிச் சாக்கின் ஒரு மூலையை மற்றொன்றுக்குள் மடித்துத் தலையில் மாட்டும் கொங்காணியும் அப்பணியைச் செய்தன. நடப்பவருக்கும் வயலில் குனிந்து நிற்பவருக்கும் கொங்காணி போதும். எதிர்க்காற்றில் விரைந்து செல்பவருக்கு அது பயன்படாது.

வறண்ட நிலமும் விசையுந்து மழையுடையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை குறைந்த கரிசல் பூமி. ஆண்டு மழையில் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று தருகிறது. கோடையில் மாலைநேர இடிமழையும் உண்டு. மழைநாட்கள் குறைவு, பெய்யும்போது சிறிது நேரத்தில் கொட்டித் தீர்க்கும். குண்டாற்றையும் கண்மாய்க் கரைகளையும் ஒட்டிய திறந்த சாலைகளில் ஒதுங்க இடம் அரிது. ஆகவே இங்கு மழையுடை ஆண்டின் பெரும்பகுதி வண்டிப் பெட்டியிலோ இருக்கையின் அடியிலோ மடிந்து கிடந்து, தேவைப்படும் சில நாட்களில் முழுமையாக உழைக்க வேண்டிய பொருளாகிறது.

மாக்கின்டாஷின் கோட்டு வெயிலில் பட்ட பாட்டை இங்குள்ள மலிவு விலை உடைகளும் படுகின்றன. பி.வி.சி. தாளால் ஆன உடை நீரை முற்றிலும் தடுக்கும். ஆனால் நெடுநாள் வெயிற்சூட்டில் மடிந்து கிடந்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னர் வெடிக்கும். பாலியூரித்தேன் பூசிய நைலான் உடை இலகுவானது. ஈரத்துடன் மடித்து வைத்தால் அப்பூச்சு உரிந்து செதிள்களாக உதிரும். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் உலர்த்தி, வண்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் தளர்வாகத் தொங்கவிடுவதே இரண்டுக்கும் ஏற்றது.

தையற்காரரின் ஊசித்துளைச் சிக்கல் இரு நூற்றாண்டுகள் கடந்தும் மாறவில்லை. உடையை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தால், நல்ல உடையின் தையல்கள் மேல் வெப்பத்தால் ஒட்டிய நாடா ஓடியிருக்கும். நாடா இல்லாத உடை எத்தகைய துணியால் ஆனதாயினும் ஒழுகும். துணியின் தடுப்புத்திறன் எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் என்ற அளவால் குறிக்கப்படுகிறது. விசையுந்தில் செல்பவருக்கு இவ்வளவு நடந்து செல்பவரைவிடக் கூடுதலாகத் தேவை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று நீரைத் துணிக்குள் தள்ளுகிறது. இருக்கையில் அமர்ந்த உடலின் எடையும் தேங்கிய நீரை அழுத்துகிறது. முதலில் நனையும் இடம் பெரும்பாலும் மார்போ முதுகோ அன்று. பெட்ரோல் தொட்டியிலிருந்து வழியும் நீர் தேங்கும் மடிப்பகுதியே. கால்சட்டையின் அவ்விடத்தில் பல தையல்கள் சந்திக்குமாறு வெட்டியிருப்பது மோசமான அமைப்பு. முன்பக்க இழுபூட்டின் மேல் இரட்டை மடல், இறுகும் கழுத்துப்பட்டி, கையுறையை மூடிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டை ஆகியவையும் கவனிக்கத் தக்கன. தொளதொளப்பான போர்வை வகை உடை காற்றில் பறந்து சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கக்கூடும் என்பதால் வண்டி ஓட்டுவோருக்கு அது ஏற்றதன்று. கருநிறத்தை விட மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறமும் ஒளிதிருப்பும் பட்டைகளும் மழையிருட்டில் பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் தெரியும்.

மருத்துவர்கள் அன்று சுட்டிய வியர்வைக் குறைக்கு 1969 இல் ராபர்ட் கோர் கண்டறிந்த நீட்டிய டெஃப்லான் சவ்வு ஒரு விடையாயிற்று. அதன் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுத்து நீராவியை வெளியே விடும். உள்ளிருந்து வெளியேறும் ஈரத்தைவிட வெளியே ஈரம் குறைவாக இருக்கும்போதுதான் இது நன்கு செயல்படும். தென்மாவட்டங்களின் புழுக்கமான மழையில் இதன் பயன் குளிர்நாடுகளில் உள்ள அளவுக்கு இராது, விலையோ பன்மடங்கு. இங்குக் குறைந்த தொலைவு ஓட்டுவோருக்கு அக்குளிலும் முதுகிலும் காற்றுத் திறப்புகள் உள்ள, தையல் நாடா ஒட்டிய பூச்சு நைலான் உடையே போதுமானது.